என்.ஜி.சி. 1365: தூரக் கணக்கு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது, நடுவிலுள்ள பட்டை என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: ஃபோர்னாக்ஸ் விண்மீன் கூட்டத்திலுள்ள என்.ஜி.சி. 1365 என்ற பட்டைச் சுருள் பேரடைக்கு ஓரிடத்தில் 5.6 கோடி ஒளியாண்டு, இன்னோரிடத்தில் 6 கோடி, வேறோரிடத்தில் 6.4 கோடி என்று தூரம் போட்டிருக்கிறார்கள். செம்பெயர்ச்சியை (விலகிப்போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவை) வைத்து நாமே கணக்குப் போட்டால் 7.6 கோடி வருகிறது. எது சரி? படங்களில் நடுவே குறுக்காகத் தெரியும் அந்தப் பட்டை எதனால் ஆனது? தமிழ்நாட்டிலிருந்து இதைப் பார்க்கவோ படம் எடுக்கவோ முடியுமா?

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம். பேரடையின் விட்டம், பட்டையின் நீளம், ஒளிர்வு, நிறை எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பிடித்துத்தான் தொங்குகின்றன.

செம்பெயர்ச்சிக் கணக்கு எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். இந்தப் பேரடை சூரியனைப் பொறுத்து நொடிக்கு 1636 கி.மீ. வேகத்தில் விலகுகிறது, செம்பெயர்ச்சி 0.00546. ஹபிள் மாறிலியை, அதாவது பிரபஞ்சம் விரியும் வீதத்தை, மெகாபார்செக்குக்கு நொடிக்கு 70 கி.மீ. என்று எடுத்து 1636-ஐ வகுத்தால் 23.4 மெகாபார்செக், அதாவது 7.6 கோடி ஒளியாண்டு. வகுத்தலில் பிழை இல்லை. அந்த 1636 முழுவதும் பிரபஞ்ச விரிவால் வந்தது என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. நேரடியாக அளந்த தூரமான 18.3 மெகாபார்செக்கை 70-ஆல் பெருக்கினால் 1281 கி.மீ.தான் வருகிறது. மீதி 355 கி.மீ. எங்கிருந்து வந்தது? சூரியன் நம் பால்வழியைச் சுற்றி ஓடுவதால் ஏறத்தாழ 100 கி.மீ. சேர்கிறது, அந்தத் திசைக்கு நாம் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறோம். எஞ்சியதில் பெரும்பங்கு, ஃபோர்னாக்ஸ் பேரடைத் திரளின் ஈர்ப்புக்குள் இந்தப் பேரடை தன் போக்கில் ஓடும் ஓட்டம். நொடிக்கு 300 கி.மீ. சொந்த ஓட்டம் என்பது 50 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் பேரடைக்குப் பொருட்டே இல்லை. ஆறு கோடியில் இருப்பதற்கு அது கால்வாசிப் பிழை. 10 கோடி ஒளியாண்டுக்குள் இருக்கும் எதற்கும் செம்பெயர்ச்சியை வைத்துத் தூரம் சொல்வதைத் தவிர்ப்பதே நல்லது.

நம்பத்தகுந்த அளவு செஃபீட் மாறொளி விண்மீன்களிலிருந்து வந்தது. செஃபீட் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறைகிறதோ, அந்தக் காலம் அதன் உண்மை ஒளிர்வைச் சொல்லிவிடும். 1990-களில் ஹபிள் தொலைநோக்கி இந்தப் பேரடையின் ஒரு பகுதியைப் பச்சை-மஞ்சள் வடிகட்டியில் 12 முறையும், அண்மை அகச்சிவப்பு வடிகட்டியில் 4 முறையும் படம் பிடித்தது. 14 முதல் 60 நாள் வரை காலம் கொண்ட 52 செஃபீட்கள் கிடைத்தன. அவற்றில் நெரிசல் இல்லாத, ஒளிவளைவு சுத்தமான 34-ஐ மட்டும் வைத்து 1999-இல் வெளியான முடிவு: தூர அளவெண் (தோற்ற ஒளிர்வெண்ணிலிருந்து தனி ஒளிர்வெண்ணைக் கழித்தால் வருவது) 31.31, அதாவது 18.3 மெகாபார்செக், ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டு. நீங்களே சரிபார்க்கலாம்: 30 நாள் காலமுள்ள செஃபீட்டின் தனி ஒளிர்வெண், அதாவது உண்மை ஒளிர்வைச் சொல்லும் எண், தோராயமாக −5.2 (ஒளிர்வெண் கூடக் கூட மங்கல் என்று பொருள்). அதோடு 31.3-ஐக் கூட்டினால் 26.1. தரையிலிருந்து இந்த அளவு மங்கிய ஒரு புள்ளியைப் பக்கத்து விண்மீன்களின் கசிவிலிருந்து பிரித்தெடுப்பது மிகக் கடினம். அதனால்தான் இது ஹபிளின் வேலையாயிற்று.

34 மட்டும் போதும் என்று 18-ஐ ஏன் விட்டார்கள்? நெரிசல்தான் காரணம். செஃபீட்டுக்குப் பின்னால் பிரிக்க முடியாத இன்னொரு மங்கல் விண்மீன் இருந்தால் இரண்டும் சேர்ந்து பிரகாசமாகத் தெரியும். பேரடை உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதாகக் கணக்கு வரும். தூசு இதற்கு நேரெதிர்: ஒளியை மங்கவைத்துத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு நிறத்தில் அளப்பது இந்தத் தூசுப் பங்கைக் கழிக்கத்தான்.

பிற்பாடு செம்பெரும் விண்மீன்களின் உச்ச ஒளிர்வை வைத்து, செஃபீட் எதையும் தொடாமல் தனியாக அளந்தார்கள்; 2018-இல் வந்த விடை 31.29. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே '6 கோடி ஒளியாண்டு, அரைக் கோடி முன்னே பின்னே' என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. 5.6-உம் 6.4-உம் அந்த வரம்புக்குள்தான் விழுகின்றன. ஒரே கட்டுரையில் தூரத்தை ஓரிடத்திலிருந்தும் விட்டத்தை இன்னோரிடத்திலிருந்தும் எடுத்து ஒட்டுவதுதான் தப்பு. இணையத்தில் அடிக்கடி நடப்பதும் அதுவே. வானில் இதன் நீளம் 11.2 பாகைநிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு பாகைநிமிடம்). 6 கோடி என்றால் விட்டம் 1.95 லட்சம் ஒளியாண்டு, 5.6 கோடி என்றால் 1.82 லட்சம். எப்படிப் பார்த்தாலும் நம் பால்வழியைவிடப் பெரியது.

தூரத்தைவிட உண்மையில் தகராறு பிடித்த எண் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை: சாய்வுக் கோணம். பேரடையின் தட்டு நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது? வட்டத் தட்டு சாய்ந்தால் நீள்வட்டமாகத் தெரியும் என்ற எளிய விதிப்படி, வானில் தெரியும் அகலம் 6.2-ஐ நீளம் 11.2-ஆல் வகுத்தால் 0.55, கோணம் 56 பாகை. ஆனால் அமெரிக்காவின் வி.எல்.ஏ. வானொலி அலைத்தொகுதியால் ஹைட்ரஜன் வாயுவின் திசைவேகத்தை அளந்து 1995-இல் செய்த ஆய்வு 40 பாகை என்றது. அருகிலுள்ள பேரடைகளை ஆராயும் அண்மைய ஃபாங்ஸ் (PHANGS) திட்டத்தின் வாயு அளவீடு மறுபடி 55-க்குப் பக்கத்தில் போகிறது. வெளித்தட்டு வளைந்திருக்கிறது, சுருள் கைகளும் பட்டையும் வாயுவை வட்டப் பாதையிலிருந்து இழுக்கின்றன, எந்த ஆரத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை நகர்கிறது. இதனால் என்ன நட்டம்? நாம் நேரடியாக அளப்பது நம்மை நோக்கிய வேகக்கூறை மட்டுமே. சுழற்சி வேகம் வேண்டுமானால் அதைச் சாய்வின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். 40-க்கு சைன் 0.643, 55-க்கு 0.819. வேகத்தில் 27 சதவீத வேறுபாடு. நிறை வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் அங்கே 60 சதவீதத்துக்கு மேல். இந்தப் பேரடைக்கு மொத்த நிறை என்று யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால், சாய்வை எவ்வளவு வைத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

இனி பட்டை. பெயர் ஏதோ இரும்புச் சட்டம் மாதிரி எண்ண வைக்கிறது. அதில் திடமாக எதுவும் இல்லை, முழுக்க விண்மீன்கள். பட்டைக்குள் இருக்கும் விண்மீன்கள் மையத்தை நீண்டு ஒடுங்கிய பாதைகளில் சுற்றுகின்றன. அந்தப் பாதைகளின் நீளச்சுகள் எல்லாம் ஒரே திசையில் வரிசைப்பட்டு நிற்பதால் மொத்தமாகப் பார்க்கையில் ஒரு பட்டை தெரிகிறது. தட்டு போதிய நிறையோடும், விண்மீன்களின் தாறுமாறான ஓட்டம் குறைவாகவும் இருந்தால், சிறு ஒழுங்கின்மை ஒன்று தானாகவே வளர்ந்து பட்டையாகிவிடும். அகச்சிவப்பில் பார்த்தால் அருகிலுள்ள சுருள் பேரடைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஓரளவு பட்டை உண்டு; நம் பால்வழியிலும் உண்டு. என்.ஜி.சி. 1365 இதில் முரட்டு ரகம். முனைக்கு முனை வானில் 3 பாகைநிமிடத்துக்கு மேல், அதாவது 50 முதல் 60 ஆயிரம் ஒளியாண்டு. பால்வழியின் பட்டையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வகைப்பாட்டில் இதற்கு எஸ்பி(எஸ்)பி என்று குறியீடு. 'எஸ்பி' என்பது பட்டையைக் குறிக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'எஸ்', கைகள் பட்டையின் முனையிலிருந்து நேரடியாகக் கிளம்புகின்றன, நடுவில் வளையம் இல்லை என்பதைச் சொல்கிறது. கடைசி 'பி' கைகளின் இறுக்கத்துக்கு.

பட்டை முழுவதும் ஒரே வடிவமாகச் சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 35 கோடி ஆண்டுகள். ஒளி நம்மை வந்தடையவே 6 கோடி ஆண்டு ஆவதால், நாம் பார்க்கும் நிலையிலிருந்து அது இப்போது 60 பாகை திரும்பியிருக்கும். அட்டவணைகளில் போட்டிருக்கும் பட்டையின் திசை பழைய செய்தி என்று கொள்ளுங்கள்.

பட்டையின் உண்மையான வேலை வாயுவிடம்தான். விண்மீன்கள் ஒன்றையொன்று மோதாமல் கடந்துபோகும். வாயுவால் அது முடியாது. பட்டையின் முனைக்குச் சற்று வெளியே ஓர் ஆரம் இருக்கிறது; அங்கே வாயு சுற்றும் வேகமும் பட்டை சுழலும் வேகமும் சமம். அதற்கு உள்ளே வாயு பட்டையைவிட வேகமாக ஓடி, பின்னாலிருந்து அதைப் பிடிக்கிறது. உள்ளே நுழைந்ததும் பட்டையின் முன்விளிம்பில் நெருக்குண்டு அதிர்ச்சி அலையாகிறது. வேகமும் கோண உந்தமும் இழக்கிறது. மையத்தை நோக்கி வழிகிறது. படங்களில் பட்டை நெடுக ஓடும் இரண்டு கறுத்த கோடுகள் அந்த அதிர்ச்சியில் திரண்ட தூசு. அவை பட்டையின் நடுக்கோட்டில் ஓடாமல், மையத்துக்கு இருபுறமும் எதிரெதிர் விளிம்பில் ஒதுங்கி ஓடுவதைக் கவனியுங்கள். பேரடை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அந்த ஒதுக்கமே காட்டிக்கொடுக்கும்: தூசுக்கோடு எந்த விளிம்பில் இருக்கிறதோ, பட்டை அந்தப் பக்கமாக முன்னேறுகிறது.

இவ்வளவு வாயு நெருக்குண்டும் அந்தக் கோடுகளில் விண்மீன் பிறப்பு ஏன் குறைவு என்று கேட்கலாம். அங்கே வாயு ஓடும் ஓட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் வேறுவேறு வேகத்தில் உரசிப் போகின்றன. முகில்கள் கூடுவதற்கு முன்பே கிழிந்துவிடுகின்றன. வாய்க்காலில் ஓடும் நீர் மதகடியில் தேங்குவதுபோல, மையத்தைச் சுற்றிச் சில ஆயிரம் ஒளியாண்டு குறுக்களவுள்ள வளையத்தில் போய்த்தான் வாயு தங்குகிறது. அங்கே பிறப்பு தாறுமாறு.

எவ்வளவு தாறுமாறு என்பது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த ஹபிள் படங்களில் அந்த வளையத்தின் பெரும்பகுதி தூசுக்குள் புதைந்து கிடந்தது. ஃபாங்ஸ் திட்டத்தில் வெப் எடுத்த அகச்சிவப்புப் படங்களையும் ஹபிள் படங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் 10 லட்சம் சூரிய நிறைக்கு மேல் கொண்ட, ஒரு கோடி ஆண்டு வயதுகூட ஆகாத விண்மீன் கொத்துகள் ஏறத்தாழ 30 இருப்பது தெரிந்தது. அவற்றில் 16 அதுவரை யாரும் காணாதவை. 30 மெகாபார்செக்குக்குள் அறியப்பட்ட வேறெந்தப் பேரடையிலும் இவ்வளவு கனத்த இளம் கொத்துகள் இல்லை. ஒளியியல் படத்தை மட்டும் வைத்துக் கொத்து எண்ணும் பழைய அட்டவணைகளை மையப்பகுதிக்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் விடுபட்டவை சரியாக மிக இளைய, மிகக் கனத்த கொத்துகளே.

அதற்கும் உள்ளே கருந்துளை. நிறை சுமார் 20 லட்சம் சூரியன்கள். அப்படியானால் அதன் நிகழ்வெல்லை (ஒளிகூடத் தப்ப முடியாத எல்லை) ஆரம் 59 லட்சம் கி.மீ. வளையத்தில் தேங்கிய வாயு அத்தனையும் இதற்குள் கொட்டுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. ஆயிரம் ஒளியாண்டு அளவிலிருந்து சூரியக் குடும்ப அளவுக்கு இறங்க, வாயு மேலும் பல மடங்கு கோண உந்தத்தை இழக்க வேண்டும். பட்டையின் கை அவ்வளவு ஆழம் எட்டாது. எட்டிய கொஞ்சமே இந்த மையத்தைச் சீஃபர்ட் வகைச் செயல்கருவாக, அதாவது கருந்துளைக்குள் விழும் வாயுவால் பிரகாசிக்கும் மையமாக, ஆக்கியிருக்கிறது. 1.5, 1.8, 2 என்று வெவ்வேறு அட்டவணைகளில் வெவ்வேறு உள்வகை இருப்பதற்குக் காரணம், நம் பார்வைக் கோட்டில் வாயு முகில்கள் வந்து வந்து போவதுதான். 2006-இல் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி அடுத்தடுத்து எடுத்த பதிவுகளில், கருந்துளையைச் சுற்றிய எக்ஸ்-கதிர் மூலம் இரண்டே நாளில் முழுக்க மறைந்தது, பிறகு மீண்டது. இதிலிருந்து அந்த மூலத்தின் அளவுக்கு ஒரு மேல்வரம்பு கிடைக்கும்: மறைக்கும் முகில் நொடிக்கு 5000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு நாளில் 86 கோடி கி.மீ.; சூரியன்–பூமி தூரத்தைப் போல 6 மடங்கு. எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றை, ஒரு முகில் கடந்துபோன நேரத்தை வைத்து அளந்துவிட்டார்கள்.

சுழற்சி அளவீடும் இதே கருந்துளையில்தான் பேர்பெற்றது. சுற்றும் தட்டிலுள்ள இரும்பு 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் எக்ஸ்-கதிர் விடும். தட்டின் உள்விளிம்பு கருந்துளைக்கு எவ்வளவு நெருங்குகிறதோ, அந்தக் கோடு ஈர்ப்பால் அவ்வளவு இழுபட்டுத் தாழ்ந்த ஆற்றல் பக்கம் வால் நீட்டும்; கருந்துளை வேகமாகச் சுழன்றால்தான் தட்டு அவ்வளவு நெருங்க முடியும். சிக்கல் என்னவென்றால், முன்னால் நிற்கும் முகில்கள் அரைகுறையாக மறைத்தாலும் ஏறக்குறைய இதே வடிவம் வரும். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழான ஆற்றலை மட்டும் அளக்கும் கருவிகளால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 2012-இல் நியூஸ்டார், எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் என்ற இரண்டு எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பார்த்தன. நியூஸ்டார் 79 வரை அளக்கும். அந்த உயர் ஆற்றலில் முகில் விளக்கம் பொருந்தவில்லை. 2013 பிப்ரவரியில் குயிதோ ரிசலிட்டி குழு வெளியிட்ட முடிவு: சுழற்சி, இயலும் உச்சத்தில் குறைந்தது 84 சதவீதம். 'குறைந்தது' என்ற சொல்லை விட்டுவிட்டு '84 சதவீத வேகம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது கீழ்வரம்பு மட்டுமே.

சூப்பர்நோவாக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957, 1983, 2001, 2012 என நான்கு பதிவாகியுள்ளன. 2001-இல் வந்ததை ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ் 31 செ.மீ. தொலைநோக்கியில் வெறும் கண்ணை வைத்தே கண்டுபிடித்தார். 2012-இல் வந்தது ஐ-ஏ வகை; இந்த வகை வெடிப்புகளின் உச்ச ஒளிர்வு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உச்சத்தில் 12-ஆம் ஒளிர்வெண் வரை ஏறியது. ஐ-ஏ வகையின் தனி ஒளிர்வெண் −19.3 என்பதால் தூர அளவெண் 31.3, மேலே சொன்ன செஃபீட் விடையேதான். ஒரே பேரடையில் செஃபீட்டும் ஐ-ஏ வெடிப்பும் சேர்ந்து கிடைப்பது அரிது. ஹபிள் மாறிலியை அளப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுப்பது அதனால்தான்.

பார்க்க முடியுமா? முடியும். இதன் இறக்கம் −36 பாகை 8 நிமிடம். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரிலிருந்து உச்சத்தில் 41 பாகை உயரம், யாழ்ப்பாணத்திலிருந்து 44. ஐரோப்பியர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. 1826-இல் ஜேம்ஸ் டன்லப் இதைக் கண்டதே ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்துதான். நள்ளிரவில் உச்சம் வருவது நவம்பர் நடுவில், நமக்கோ அது வடகிழக்குப் பருவமழை. பொங்கலை ஒட்டி இரவு 8 மணி வாக்கில் உச்சத்துக்கு வரும், வானமும் தெளிந்திருக்கும். அந்த நாளில் நிலா எங்கே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்னாக்ஸில் 'கை' (χ) என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் விண்மீன்கள் மூன்றில் பிரகாசமானதைப் பிடித்து, கிழக்கே ஒன்றேகால் பாகை நகருங்கள்.

மொத்த ஒளிர்வெண் 9.6 என்று படித்துவிட்டு இருகண் நோக்கியோடு மாடிக்குப் போனால் ஏமாற்றம்தான். அந்த ஒளி முழுதும் 11-க்கு 6 பாகைநிமிடம் பரப்பில் சிதறிக் கிடக்கிறது. சதுர பாகைநொடிக்குச் சராசரி ஒளிர்வெண் 22.8. நல்ல இருண்ட கிராமத்து வானமே 21.5 இருக்கும், நகர வானம் 18-க்குப் பக்கம். நகரத்திலிருந்து 8 அங்குலத் தொலைநோக்கியிலும் மையத்தின் மங்கல் புள்ளி மட்டுமே வரும். இருண்ட இடத்தில் அதே கருவியில் பட்டை தெரியும். கைகளைப் பிடிக்க 10 அல்லது 12 அங்குலமும், பார்வையை ஓரமாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

படத்துக்கு 800 மி.மீ. குவியத் தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் நல்ல பொருத்தம்: பிக்சலுக்கு 0.97 பாகைநொடி, பேரடை ஏறத்தாழ 700 பிக்சல் நீளம். 3 நிமிட வெளிப்பாடுகள் 60 முதல் 80 எடுங்கள். அதோடு 30 நொடியில் ஒரு இருபது. கரு எளிதில் வெளுத்துவிடும், குறுகிய படங்களிலிருந்துதான் அதை மீட்க வேண்டும். 40 பாகை உயரத்தில் காற்றின் தடிமன் உச்சியைப் போல ஒன்றரை மடங்கு; உச்சத்துக்கு முன்பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் சேர்வது பெரும்பாலும் இரைச்சல்தான்.

பலர் பணத்தை வீணாக்கும் இடம் ஹைட்ரஜன் ஆல்ஃபா வடிகட்டி. கைகளிலுள்ள சிவப்பு முகில்களை எடுப்பதற்காக 3 நானோமீட்டர் வடிகட்டியைப் பொருத்துகிறார்கள், ஒன்றுமே வராது. அந்தக் கோட்டின் ஆய்வக அலைநீளம் 656.28 நானோமீட்டர், இந்தப் பேரடையின் செம்பெயர்ச்சியால் அது 659.86-க்கு நகர்ந்திருக்கிறது. 656.3-ஐ நடுவாகக் கொண்ட 3 நானோமீட்டர் வடிகட்டி 657.8-இலேயே மூடிவிடும். 7 நானோமீட்டர் என்றால் கோடு சரியாக விளிம்பில் விழும். பேரடையின் சுழற்சியால் நம்மை நோக்கி வரும் பாதி ஓரளவு உள்ளே, விலகிப்போகும் பாதி வெளியே. கைகளில் ஒன்று மட்டும் சிவந்து மற்றது வெறுமையாக வரும் படங்கள் இப்படிப் பிறந்தவை. எஃப்/4-க்கும் வேகமான ஒளியமைப்பில் வடிகட்டியின் கடத்துப் பட்டை நீலப் பக்கம் மேலும் நகர்வதால் நிலைமை இன்னும் மோசம். 12 நானோமீட்டர் வடிகட்டி போட்டால் கோடு முழுசாக உள்ளே வரும்.